ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்துக்கு எத்தனை ரூபாய்?

பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கைச் சரிசெய்ய ஒரு செலவுக் கணக்கு

ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆவது விதி. கேட்கக் கறாராகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங் வீலின் விட்டத்தை 17 அங்குலம், அதாவது ஏறத்தாழ 430 மி.மீ. என்று வைத்துக்கொண்டு இந்த 30 டிகிரியை விளிம்பில் நாடா பிடித்து அளந்தால் 113 மி.மீ. வருகிறது. ஏறக்குறைய நாலரை அங்குலம். அவ்வளவு தூரம் திருப்பியும் முன்சக்கரம் அசையாத வண்டிகூட இந்த விதிப்படி சாலைக்குத் தகுதியானதுதான்.

ஆனால் அதில் பாதி ஆட்டம் இருக்கும்போதே ஓட்டுநருக்குத் தோள் வலிக்கத் தொடங்கிவிடும். நேர்ச்சாலையில் வண்டி தானாக இடமும் வலமும் போகும். அவர் திருப்பிக்கொண்டே இருப்பார். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே யோசனைதான்: "பெட்டி போயிருச்சுண்ணே, பெட்டியை மாத்திரலாம்." ஸ்டியரிங் பாக்ஸைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த யோசனையை எண்களால் சோதிக்கிறது.

எந்த வண்டி

கணக்குக்கு எடுத்துக்கொண்டது வில்லிஸ் சி.ஜே.-3பி வழிவந்த பழைய ஜீப். அமெரிக்காவின் டொலிடோ நகரத்துத் தொழிற்சாலையில் 1953 முதல் 1968 வரை தயாரான மாடல். மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பிறகு இந்த மாடலின் உருவத்திலேயே பல பத்தாண்டுகள் வண்டி தயாரித்தது. போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும் இந்தக் குடும்பத்தின் பிற்காலப் பிள்ளைகள். பிந்தைய மாடல்களில் ஸ்டியரிங் பாக்ஸும் கம்பிகளின் அமைப்பும் மாறியிருக்கும். அளக்கும் முறை மாறாது.

கணக்குக்கு வேண்டிய அடிப்படை அளவுகள் இவை:

- முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி: 80 அங்குலம் (2,032 மி.மீ.)
- ஸ்டியரிங் பாக்ஸின் விகிதம்: இருபுற ஓரங்களில் 14-க்கு 1, நடுவில் 12-க்கு 1
- காஸ்டர் கோணம்: 3 டிகிரி
- கேம்பர் கோணம்: ஒன்றரை டிகிரி
- கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் ஊன்று) சாய்வு: ஏழரை டிகிரி
- டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு): 3/64 முதல் 3/32 அங்குலம் வரை (1.2 முதல் 2.4 மி.மீ.)

நடு விகிதம் 12 என்பது இங்கே முக்கியம். நேராக ஓடும்போது சக்கரத்தில் 1 டிகிரி ஆட்டம் இருந்தால் கையில் அது 12 டிகிரியாகத் தெரியும். கையில் தெரியும் ஆட்டம் ஒரு பூதக்கண்ணாடி வழியே தெரிவது. பயப்பட அல்ல, அளக்கவே அது உதவும்.

சாலையில் எத்தனை சென்டிமீட்டர்?

ஸ்டியரிங் விளிம்பில் 52 மி.மீ. ஆட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலம் என்று ஓட்டுநர்கள் சாதாரணமாகச் சொல்லும் அளவு. அது சுமார் 14 டிகிரி. விதி அனுமதிப்பதில் பாதிகூட இல்லை. 12-ஆல் வகுத்தால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்கு இடமும் வலமுமாக 0.58 டிகிரி திரும்பிக்கொள்ள இடம் இருக்கிறது. சக்கரம் அந்த ஓரத்தில் போய் நின்று, ஓட்டுநர் ஒரு நொடி கழித்தே திருத்துகிறார் என்றால் வண்டி பக்கவாட்டில் எவ்வளவு விலகும்?

| வேகம் (கி.மீ./மணி) | 14 டிகிரி ஆட்டம் | 30 டிகிரி ஆட்டம் |
|---|---|---|
| 30 | 17 செ.மீ. | 37 செ.மீ. |
| 50 | 48 செ.மீ. | 104 செ.மீ. |
| 60 | 69 செ.மீ. | 149 செ.மீ. |

ஒற்றைத்தடத் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர். பக்கத்தில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து வண்டியின் அகலம் சுமார் 1.75 மீட்டர். நடுவில் ஓடினால் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் மிச்சம். 50 கி.மீ. வேகத்தில் இரண்டு அங்குல ஆட்டம் அந்த மிச்சத்தில் பாதியைத் தின்கிறது. சட்டம் அனுமதிக்கும் 30 டிகிரி முழுவதையும் தின்றுவிடுகிறது.

மலையில் "ஒண்ணும் தெரியல" என்று ஓட்டும் வண்டி, அடிவாரத்தின் நேர்ச்சாலைக்கு வந்ததும் பயமுறுத்துவதற்கும் இந்த அட்டவணையே காரணம் சொல்கிறது. விலகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு. தவிர, வளைவுகளில் சக்கரம் ஒரே பக்கமாக அழுந்தி நிற்பதால் ஆட்டம் தானாக ஒதுங்கிக்கொள்ளும். நேர்ச்சாலையில்தான் அது நடுவில் ஊசலாடும்.

எத்தனை மூட்டுகள்?

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு சக்கரம் வரை விசை போகும் வழியை எண்ணிப் பார்க்கலாம். பாக்ஸுக்குள் இருக்கும் கேமும் லீவரும் 1. பாக்ஸிலிருந்து முன்னே போகும் கம்பியான டிராக் லிங்க்கின் பின்முனை 2, முன்முனை 3. அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும் பெல் கிராங்க் 4. அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராடின் உள்முனை 5, வெளிமுனை 6. இந்த ஆறிலும் தேயும் ஆட்டம் ஸ்டியரிங்கில் நேராகத் தெரியும். இவற்றுக்கு அப்பால் கிங்பின் பேரிங்குகள் 7, வீல் பேரிங்குகள் 8. இந்த இரண்டும் கைக்கு அவ்வளவாகத் தெரியாது. சக்கரம்தான் தலையாட்டும்.

ஒவ்வொரு மூட்டிலும் அரை மி.மீ. தேய்மானம் என்று வைப்போம். அரை மி.மீ. என்பது கண்ணுக்கே சரியாகப் படாத அளவு. கம்பி பூட்டியிருக்கும் கைகளின் நீளத்தை 150 மி.மீ. என்றும், பெல் கிராங்க்கின் இரு கைகளும் சமம் என்றும் எடுத்துக்கொண்டால், அந்த அரை மி.மீ. சக்கரத்தில் 0.19 டிகிரி. பன்னிரண்டால் பெருக்கினால் ஸ்டியரிங்கில் 2.3 டிகிரி. விளிம்பில் 8.6 மி.மீ.

ஆறு மூட்டுக்கும் சேர்த்து 51.6 மி.மீ. மேலே சொன்ன அதே இரண்டு அங்குலம்.

ஆறில் எந்த மூட்டைத் தனியாகப் பிடித்து ஆட்டினாலும் "இது பரவாயில்லையே" என்றுதான் தோன்றும். எதுவும் உடையவில்லை, எதுவும் தொங்கவில்லை. ஆறும் சேர்ந்துதான் வண்டியை அலைய விடுகின்றன. ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுகிறவர் கடைசியில் பெட்டியைப் பிடிப்பது இதனால்தான். அது ஒன்றுதான் பெரிதாக, விலையாக, கண்ணெதிரே இருக்கிறது.

முதல் செலவு: அளப்பது

இதற்குப் பொருள் செலவு இல்லை. இரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஒரு நாடா, ஒட்டுகிற டேப், ஒரு ஜாக்கி.

வண்டி தன் கனத்தில் தரையில் நிற்கட்டும். சக்கரம் நேராக இருக்கட்டும். ஸ்டியரிங் விளிம்பில் டேப்பை ஒட்டி, ஒருவர் இடமும் வலமும் மெல்லத் திருப்ப, மற்றவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை அசையத் தொடங்கும் இடங்களை விளிம்பில் குறித்தால் அந்த இடைவெளி பாக்ஸின் ஆட்டம். சக்கரமே அசையத் தொடங்கும் இடங்களைக் குறித்தால் அது மொத்த ஆட்டம். மொத்தத்தில் பாக்ஸைக் கழித்தால் மிச்சம் கம்பிகளும் பெல் கிராங்க்கும். மொத்தம் 60, பாக்ஸ் 12 என்றால் கம்பிகளின் பங்கு 48. இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் பாக்ஸுக்குக் காசு எடுக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி முதலில் நகர்ந்து, மூட்டுக்குள் இருக்கும் குமிழ் தாமதித்து வந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். இதே சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு முனை பேசும்.

பாக்ஸை வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாக்ஸே சட்டத்தோடு சேர்ந்து நெளிந்தால் மேலே போட்ட அளவு எல்லாம் பொய்.

பேரேடு

இனி வரும் ரூபாய்கள் சந்தை விலைகள் அல்ல. கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. மெக்கானிக்கும் உதவியாளரும் சேர்த்து மணிக்கு 300 ரூபாய் என்று கூலி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

| வேலை | பொருளும் எண்ணிக்கையும் | பொருள், லேத் (ரூ.) | மணி | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|
| 1. அளவெடுப்பு | – | 0 | 2 | 600 |
| 2. இறுக்குதல், கிரீஸ், டயர் காற்று | கிரீஸ் 200 | 200 | 1 | 500 |
| 3. வீல் பேரிங் கழுவிப் பூட்டுதல் | சீல் 2×100, லாக் வாஷர் 2×25, கிரீஸ் 200 | 450 | 3 | 1,350 |
| 4. டை ராடு முனைகள் | 4×450, ஸ்பிலிட் பின் 30 | 1,830 | 2 | 2,430 |
| 5. டிராக் லிங்க் | கிட் 1×400 | 400 | 1 | 700 |
| 6. பெல் கிராங்க் | கிட் 900, லேத் 500 | 1,400 | 2 | 2,000 |
| 7. கிங்பின் பேரிங் | பேரிங் 4×400, ஷிம் செட் 2×150, சீல் செட் 2×350, கிரீஸ் 200 | 2,800 | 8 | 5,200 |
| 8. முன் பட்டா (இலை ஸ்பிரிங்) | புஷ் செட் 2×300, யு போல்ட் 4×120, ஆப்பு 2×150 | 1,380 | 4 | 2,580 |
| 9. டோ-இன் | – | 0 | 1 | 300 |
| 10. ஸ்டியரிங் பாக்ஸ் | கிட் 2,500, லேத் 800, ஆயில் 150 | 3,450 | 5 | 4,950 |
| கூட்டல் | | 11,910 | 29 | 20,610 |

29 மணி நேரத்துக்கு 8,700 ரூபாய் கூலி. மொத்தத்தில் 42 சதவீதம். ஸ்பேர் கடையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, ஒருமுறை பிரித்ததை மறுபடி பிரிக்காமல் இருப்பதில்தான் மிச்சம் அதிகம். கிங்பினைப் பார்க்க வேண்டுமானால் வீல் பேரிங்கை எப்படியும் கழற்றியாக வேண்டும். மூன்றாவது வேலையையும் ஏழாவது வேலையையும் சேர்த்துச் செய்தால் இரண்டு மணி நேரம், 600 ரூபாய், மிச்சம். மொத்தம் 20,010-க்கு இறங்கும்.

மி.மீ.க்கு எத்தனை ரூபாய்

இப்போது பேரேட்டையும் அந்த 51.6 மி.மீ. கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒவ்வொரு மூட்டும் 8.6 மி.மீ. தருகிறது. டிராக் லிங்க்கில் இரண்டு முனை, ஒரு சக்கரத்துக்கான டை ராடில் இரண்டு முனை.

| மூட்டு | போகும் ஆட்டம் (மி.மீ.) | செலவு (ரூ.) | ஒரு மி.மீ.க்கு (ரூ.) |
|---|---|---|---|
| டிராக் லிங்க் | 17.2 | 700 | 41 |
| டை ராடு | 17.2 | 2,430 | 141 |
| பெல் கிராங்க் | 8.6 | 2,000 | 233 |
| ஸ்டியரிங் பாக்ஸ் | 8.6 | 4,950 | 576 |

எல்லா மூட்டும் சமமாகத் தேய்ந்த வண்டியில் பாக்ஸிலிருந்து தொடங்குகிறவர், டிராக் லிங்க்கிலிருந்து தொடங்குகிறவரைப் போலப் பதினான்கு மடங்கு விலையில் ஒரு மி.மீ. வாங்குகிறார். முதல் இரண்டு வரிக்கான 3,130 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்டம் போய்விடுகிறது.

பாக்ஸ் நிஜமாகவே போயிருந்தால்? அதில் மட்டும் 30 மி.மீ. ஆட்டம் என்று அளவு சொன்னால், 4,950-ஐ 30-ஆல் வகுக்க 165 ரூபாய். டை ராடின் விலைக்கு ஏறத்தாழ வந்துவிடுகிறது. அப்போது பாக்ஸைப் பிரிப்பதில் தவறில்லை. முடிவு செய்வது அந்த 600 ரூபாய் அளவெடுப்பு.

அளவுகள், மூட்டு வாரியாக

டிராக் லிங்க்: குழாய்க்குள் குமிழையும் ஸ்பிரிங்கையும் ஒரு திருகு மூடி அழுத்திப் பிடிக்கும் பழைய அமைப்பு. வில்லிஸ் கையேட்டின்படி, பெல் கிராங்க் பக்க முனையில் மூடியை இறுக்கி அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். பாக்ஸ் பக்க முனையில் இறுக்கி ஒரு முழுச் சுற்று. பல வண்டிகளில் இந்த ஒரு வேலைக்குப் பொருளே வாங்க வேண்டியிருக்காது. குமிழ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

டை ராடு முனைகள்: மொத்தம் நான்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய பக்கம் அலையும், டோ-இன்னும் நிலைக்காது. 98-ஆவது விதி இன்னும் இரண்டு கேட்கிறது: ஸ்டியரிங் இணைப்பின் பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும்; போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். கிழிந்த ரப்பர் மூடி தேய்மானத்தின் தொடக்கம். ஸ்பிலிட் பின் ஐந்து ரூபாய்ப் பொருள். ஆறுக்கு முப்பது ரூபாய். கழற்றியதை நிமிர்த்தி மறுபடி போடும் சிக்கனம் இந்தப் பேரேட்டில் எந்த வரியிலும் இல்லை. வளைந்த டை ராடைக் காய்ச்சி நிமிர்த்துவதற்கும், வெல்டிங் வைப்பதற்கும் இங்கே இடமில்லை.

பெல் கிராங்க்: அச்சின் மேல் ஒரே ஒரு ஊன்று. இரண்டு டை ராடும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. இதன் ஊசி பேரிங் போனால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே அலையும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் புது பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. 500 ரூபாய் லேத் செலவு அதற்குத்தான்.

வீல் பேரிங்: சக்கரம் சுற்றும்போது பிடிக்கும் வரை உள் நட்டை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று, அதாவது நட்டின் ஒரு பட்டை அளவு, தளர்த்த வேண்டும். பிறகு லாக் வாஷர், வெளி நட்டு.

கிங்பின்: கையேடு இங்கே எடையாகவே சொல்கிறது. ஆயில் சீலையும் டை ராடையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கையின் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் 12 முதல் 16 பவுண்டு, அதாவது 5.4 முதல் 7.3 கிலோ வரை காட்டும்போது திரும்ப வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் எனும் மெல்லிய தகட்டை எடுக்க வேண்டும். ஷிம்கள் 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலத் தடிமனில் வரும். மெல்லியது 0.08 மி.மீ. கூட இல்லை. மேலும் கீழும் சமமாக எடுத்தால்தான் அச்சு நடுவில் நிற்கும். பேரேட்டில் 5,200 ரூபாயும் எட்டு மணி நேரமும் பெரிதாகத் தெரியலாம். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடும் "வாப்ளிங்" பெரும்பாலும் இந்த வரியில்தான் தீரும். அதிர்வை அடக்கும் டேம்பர் மாட்டினால் ஆட்டம் அடங்கியதுபோல் தெரியும். தளர்ந்த பேரிங் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

பாக்ஸ்: வெளியே தெரியும் திருகை அரைச் சுற்று இறுக்கிப் பார்ப்பது பலருக்கு முதல் மருந்து. செலவு பூஜ்யம். ஆனால் பாக்ஸ் தேய்வது நடுவில். நேர்ச்சாலையில் அது நிற்கும் இடம் அதுதான். ஓரங்களில் தேயாமல் இருக்கும். நடு ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வராத ஸ்டியரிங்கைக் கையால் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒரு அலைச்சல்தான். சரியான முறை: டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, முதலில் கேம் பேரிங்கின் ஷிம்மைச் சரிசெய்து, பிறகு ஸ்டியரிங் நடுவைக் கடக்கும்போது மட்டும் லேசாக உரசும் அளவுக்குத் திருகை வைப்பது.

ஆட்டமே இல்லாமல் அலைவது

அளவெடுப்பில் மொத்த ஆட்டம் 15 மி.மீ.தான் வருகிறது, ஆனாலும் வண்டி அலைகிறது என்றால் கணக்கு வேறு.

காஸ்டர் 3 டிகிரி. கிங்பினின் மேல்தலை பின்னால் சாய்ந்திருக்கும் இந்தக் கோணம்தான் சக்கரத்தை நேருக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. முன் பட்டா தளர்ந்து முகம் தணிந்தால் கோணம் குறையும். 2,032 மி.மீ. நீள வண்டியில் முன்பக்கம் 35 மி.மீ. தணிந்தால் போவது ஒரு டிகிரி. மூன்றில் ஒரு பங்கு. பட்டாவுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ஆப்பு 100 மி.மீ. நீளம் இருந்தால், 2 டிகிரி திருத்த இரு முனைகளுக்கும் தடிமனில் 3.5 மி.மீ. வித்தியாசம் போதும். 300 ரூபாயில் முடிகிற இந்தத் திருத்தம், பட்டாவின் புஷ்ஷும் யு போல்ட்டும் சரியாக இருந்தால்தான் நிற்கும். அதனால்தான் அந்த வரி 2,580.

டோ-இன் 2 மி.மீ. 28 அங்குல டயரில் அது 0.16 டிகிரி. இதைத் தவறவிட்டு 10 மி.மீ. ஆகிவிட்டது என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன் டயரும் 7 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. சரியான 2 மி.மீ.யில் இதுவே 1.4 மீட்டர். 300 ரூபாய் வேலைக்கு டயர்தான் ஈடு. டயர் வெளிப்புறமாகத் திறந்து டோ-அவுட் ஆகிவிட்டால், ஆட்டமே இல்லாத வண்டியும் நேர்ச்சாலையில் நிற்காது. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு முன்னும் பின்னும் நாடாவால் அளந்தே இதைச் சரிசெய்யலாம். ஒரே நிபந்தனை: டை ராடு, வீல் பேரிங், கிங்பின் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் அதே 300 மறுபடி.

டயர்: இடமும் வலமும் ஒரே காற்று, ஒரே வகை. ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று ஓடும் வண்டிக்கு மேலே உள்ள எந்த வரியும் உதவாது.

பவர் ஸ்டியரிங் மாற்றுவது இந்தப் பேரேட்டுக்கு வெளியே. தேய்ந்த மூட்டின் மேல் பவர் ஸ்டியரிங் வந்தால் கை லேசாகும், மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவையும் பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப

1,400 ரூபாய், 4 மணி நேரம்: அளவெடுப்பு, இறுக்குதல், டோ-இன். டிராக் லிங்க் மூடியைச் சரிசெய்வதும் இதற்குள் அடங்கும்.

5,880 ரூபாய், 10 மணி நேரம்: மேலே உள்ளவற்றோடு வீல் பேரிங், நான்கு டை ராடு முனை, டிராக் லிங்க் கிட். முழுச் செலவில் 30 சதவீதம்கூட இல்லை. ஆட்டத்தில் மூன்றில் இரண்டு போய்விடும்.

15,060 ரூபாய், 22 மணி நேரம்: இவற்றோடு பெல் கிராங்க், கிங்பின், பட்டா. வீல் பேரிங்கையும் கிங்பினையும் சேர்த்துச் செய்வதில் மிச்சமாகும் 600 ரூபாயும் இரண்டு மணி நேரமும் இங்கே கழிந்துவிட்டன.

20,010 ரூபாய், 27 மணி நேரம்: கடைசியாகப் பாக்ஸ்.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இன்னொரு பத்தி சேரும். ஒரு நாளைக்கு எட்டு மணி வேலை என்றால் 27 மணி நேரம் ஏறத்தாழ மூன்றரை நாள். செலவு போக நாளுக்கு 1,500 ரூபாய் கையில் நிற்கும் வண்டி என்றால், நிற்கும் நாட்களின் இழப்பு 5,250. பாக்ஸின் முழுச் செலவைவிட அதிகம். 10 மணி நேர வேலைக்கு இழப்பு 1,875. ஆகவே ஓடும் வண்டிக்கு இரண்டாவது தொகுப்பை ஒரு வாரக் கடைசியிலும், மூன்றாவதை மழைக்காலத்தில் வண்டி எப்படியும் நிற்கும் நாட்களிலும் பிரித்துக்கொள்வது லாபம். வீல் பேரிங்கை மறுபடி கழற்றும் 600 ரூபாயும் டோ-இன்னின் 300 ரூபாயும் கூடும், அவ்வளவுதான்.

பராமரிப்புக்கும் ஒரு வரி வேண்டும். டை ராடில் 4, டிராக் லிங்க்கில் 2, பெல் கிராங்க்கில் 1 என்று மொத்தம் ஏழு கிரீஸ் நிப்பிள். கையேடு சொல்வது 1,000 மைலுக்கு, அதாவது 1,600 கி.மீ.க்கு ஒருமுறை. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் ஏழெட்டு முறை. ஒருமுறைக்கு 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,125. இந்த ஏழு இடங்களையும் புதிதாக்க ஆவது 5,130. நாலரை ஆண்டுக் கிரீஸ் செலவு. காய்ந்து ஓடும் மூட்டு தூசிப் பாதையில் அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்புகிறவர் மட்டும் கிரீஸைத் தவிர்க்கலாம்.

எந்தத் தொகுப்பில் நிறுத்தினாலும் 500 கி.மீ. ஓட்டிவிட்டு, அதே டேப்பை ஒட்டி, மொத்தம் எவ்வளவு, பாக்ஸ் எவ்வளவு என்று மறுபடி எழுத வேண்டும். பாக்ஸின் பங்கு 10 மி.மீ.க்குள் நின்றால் அந்த 4,950 ரூபாயை அடுத்த ஜோடி முன் டயருக்கு எடுத்து வையுங்கள்.